வெண்ணெய் கடித்த கடிவாளம்

செம்மணற்கோட்டையை ஆண்ட பூபால ராயருக்கு இரண்டு ஆசைகள். குதிரை மேல் ஏறி வேலி தாண்ட வேண்டும். தாண்டி முடித்தபின் உயிரோடும் இருக்க வேண்டும். முதல் ஆசை வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை பெரிதாக இருக்கும். வேலி கிட்டே வந்ததும் இரண்டாவது முந்திக்கொள்ளும்.

அவருடைய குதிரைக்கு வெண்ணெய் என்று பெயர். குணமும் அப்படித்தான், யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே வரும். ஆனால் வேலி தாண்டும் நேரத்தில் மட்டும் ராஜாவுக்கும் அதற்கும் ஒரே இழுபறி. இவர் வாரை இழுப்பார், அது தலையை நீட்டி இழுக்கும். கடைசியில் இரண்டு பேரும் வேலியையும் சேர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுவார்கள்.

"குதிரை இழுக்கிறது, மகாராஜா! இன்னும் வலுவான கடிவாளம் போட வேண்டும்" என்றார் தளவாய் கொண்டல்ராயர்.

போட்டார்கள். இழுப்பு நிற்கவில்லை. அதைவிடக் கனமாக ஒன்று போட்டார்கள். ஊஹூம்! மூன்றாவது கடிவாளம் பட்டறையிலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. அதை மாட்டியதுதான் தாமதம், வெண்ணெயின் தலை தரையில் இடித்தது. வந்ததுதான் வந்தோம் என்று அது பாட்டுக்குப் புல் மேய ஆரம்பித்துவிட்டது. ராஜா மேலே உருவிய வாளோடு உட்கார்ந்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அரண்மனை விகடர் ஆனையப்பர் மட்டும் சிரித்துத் தொலைத்தார். பேர்தான் ஆனை, ஆளை ஊதினால் பறந்துவிடுவார்.

தளவாய் அவரை முறைத்துவிட்டு, நான்காவது கடிவாளத்தைத் தட்டில் வைத்து நீட்டினார். உள்பக்கம் முழுக்க இரும்பு முள். ஆனையப்பருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் தன் மடியில் மூக்கை நுழைத்து வெல்லம் தேடுகிற குதிரையாயிற்றே! அதன் நாக்கு என்ன ஆகும்? அவர் வாய் சும்மா இருந்தால்தானே?

"மகாராஜா, குதிரை இழுக்கவில்லை!"

"பின்னே யார் ஐயா இழுக்கிறது? உம்முடைய மாமனாரா?" ராஜா எரிந்து விழுந்தார். "நாளைக் காலையில் நிரூபித்துக் காட்டும். வேலி தாண்டும்போது எவன் இழுக்கிறானோ அவன் வாயில் இந்த முள் கடிவாளத்தை மாட்டலாம். காட்டாவிட்டால் உம் வாயில் மாட்டி நாலு வீதியும் சுற்றவிடுவேன்!"

"உத்தரவு, மகாராஜா" என்றார் ஆனையப்பர். தளவாய் தன் மீசையைத் தடவிக்கொண்டு அவருடைய வாயை அளவெடுப்பதுபோல் பார்த்தார்.

மறுநாள் காலை தளவாய் முள் கடிவாளத் தட்டோடு காத்திருக்க, வெண்ணெய் வந்து நின்றது. அதன் வாயைச் சுற்றிச் சிவப்புப் பட்டுத்துணி.

"என்ன இது?" என்றார் ராஜா.

"உலகத்திலேயே பொல்லாத கடிவாளம், மகாராஜா. லேசாக ஒரு இழுப்பு இழுத்தாலும் குதிரையின் தாடை கையோடு வந்துவிடும். அப்புறம் தாங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் கிடப்பீர்கள். அதனால் வாரைச் சேணத்திலேயே முடிந்துவிட்டேன். தாங்கள் பிடரியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்."

ராஜா பிடரியைக் கட்டிக்கொண்டார். குதிரை கிளம்பியது. வேலி நெருங்க நெருங்க ஆனையப்பர் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தாவல் மட்டும் தப்பினால் நம் வாய் தப்பாதே, கடவுளே!

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், பூனை மதில் தாண்டுவதுபோல வெண்ணெய் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வேலி, அதற்கடுத்த பள்ளம், எல்லாவற்றையும் அப்படியே தாண்டியது.

ராஜா வெற்றி வீரராகத் திரும்பி வந்தார். "கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டதே, கவனித்தீரா? பயல் தோற்ற ஆத்திரத்தில் பல்லைக் கடிக்கிறான்! எங்கே, அந்தக் கடிவாளத்தை நான் பார்க்க வேண்டும்."

துணியை அவிழ்த்தார்கள். உள்ளே கொஞ்சம் சக்கை, கொஞ்சம் எச்சில். வேறொன்றும் இல்லை.

"கடிவாளம் எங்கே ஐயா?"

"கடித்துவிட்டது, மகாராஜா. கடிவாளம் என்று பேர் வைத்துவிட்டுக் கடிக்காதே என்றால் எப்படி? நல்ல கரும்பு. முதல் வேலிக்கு முன்னாலேயே பாதி காலி."

ராஜா திரும்பி வேலியைப் பார்த்தார். "அப்படியானால்... நான் கடிவாளமே இல்லாமலா தாண்டினேன்?"

"தாங்கள் இழுக்கவில்லை. அதனால் அதற்கும் இழுக்க வேலை இல்லாமல் போயிற்று."

"அப்போது இத்தனை நாளும் இழுத்தது..." என்று தொடங்கிய ராஜா பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். சபை மொத்தமும் தரையில் எதையோ தேடியது.

ஆனையப்பர் மெல்லப் போய், தளவாய் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். முள் கடிவாளத்தோடு ராஜாவின் முன்னால் வந்து பவ்யமாகக் குனிந்தார்.

"இழுக்கிறவன் வாயில் மாட்டலாம் என்று நேற்றுத் தாங்கள் உத்தரவு போட்டீர்கள்..."

தளவாய் வாளில் கை வைத்தார். ராஜா தட்டைப் பார்த்தார், ஆனையப்பரைப் பார்த்தார், இன்னும் மென்றுகொண்டிருந்த வெண்ணெயைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு, வாயை மூடவே முடியவில்லை.

ஆனையப்பர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்படியே வைத்திருங்கள், மகாராஜா. கச்சிதமாகப் பொருந்தும்."

அந்தக் கடிவாளத்தை அன்றே உருக்கி ஓர் அரிவாள் அடித்தார்கள், வெண்ணெய்க்குத் தினமும் கரும்பு வெட்ட. ஆனையப்பருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. தளவாய்க்கு அரிவாள் கிடைத்தது.