சாமிக்கு வச்ச மூணு மண்பொம்மை

ஒரே ஒரு ஊர்ல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தா. பானை வனையுறவ. புருசன் போய்ச் சேர்ந்துட்டான், இருக்கிறது ஒத்தப் பொம்பளப்புள்ள, பேரு மருதி. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. அய்யனார் சாமி யாரு கஷ்டத்தையாவது தீர்த்து வச்சா, அவங்க மண்ணுல ஒரு உருவம் செஞ்சு கோயில்ல வைக்கணும். கால்வலி தீந்தா மண்ணுல கால், மாடு பொழச்சா மண்ணுல மாடு, புள்ள பொழச்சா மண்ணுல புள்ள.

அந்த வருசம் மழை பிடிச்சுது பாருங்க, பேஞ்சுது, பேஞ்சுது, பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வனைஞ்ச பானை காயல, சூளை மூட்ட முடியல, அரிசிப்பானையில தூர் தெரியுது. அதோட மருதிக்குக் காய்ச்சல் வேற. மூணு நாளா கண்ணே திறக்கல. சிலம்பாயி நனைஞ்சுக்கிட்டே கோயிலுக்கு ஓடினா. "அய்யனாரப்பா, எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு உசுருதான். காப்பாத்திக் குடுத்துரு. என் கையால ஒரு மண்புள்ள செஞ்சு உன் காலடியில வைக்கிறேன்"னு அழுதா. அழுதுட்டு வீட்டுக்கு வந்தா, மருதி எந்திரிச்சு உக்காந்து, "ஆத்தா, பசிக்குது"ங்குது! சிலம்பாயிக்கு எப்படி இருந்திருக்கும்? புள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கோயில் இருக்கிற திக்கைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே நின்னா.

சரி, வேண்டுனதைச் செய்யணுமே. சூளைதான் எரியாதே? மண்ணைப் பிசைஞ்சு, முழங்கை உயரத்துக்கு ஒரு பொம்மை செஞ்சு, சோறாக்குற அடுப்புலயே வச்சுச் சுட்டா. இருந்த விறகெல்லாம் அதுக்கே போச்சு. ஆத்தாளும் மகளும் ஊறவச்ச அரிசியத்தான் மென்னாங்க. பொம்மையக் கோயில்ல வச்சு, "சாமி, நீ செஞ்சதுக்கு இது எம்மாத்திரம்? என்னால ஆனது இதுதான்"னு விழுந்து கும்பிட்டு வந்தா. மறுநாள் போய்ப் பாத்தா, பொம்மையக் காணோம்!

யாரு எடுத்தா? சொல்றேன், பறக்காதீங்க. அதே ஊர்ல சேவுகன் அம்பலம்னு ஒரு பெரிய வீட்டுக்காரரு. மீசை மட்டும் ஒரு சாண் இருக்கும். அவரு மகன்க மூணு பேரும் ஆத்து வெள்ளத்துல மாட்டிக்கிட்டப்போ, மூணு மண்புள்ள வைக்கிறேன்னு அவரும் வேண்டியிருந்தாரு. மூணு பேரும் முழுசாக் கரையேறிட்டானுக. ஏறினதும் மனுசனுக்குக் கை சுருங்கிப் போச்சு. 'காசு குடுத்து எதுக்கு வாங்கணும்? கோயில்லதான் ஒண்ணு சும்மா கெடக்கே'ன்னு ஆளில்லாத உச்சி நேரமாப் பாத்துத் தூக்கிட்டு வந்து, சுண்ணாம்பும் காவியும் பூசிப் நெல்லு கொட்டி வைக்கிற பத்தாயத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டாரு.

சிலம்பாயிக்கு இது எப்படித் தெரியும்? அவ 'சாமிக்கு என் பொம்மை பிடிக்கலையோ, புள்ளையத் திரும்பக் கேக்குமோ'ன்னு பதறி, கட்டில் காலை ஒடிச்சு எரிச்சு ரெண்டாவது பொம்மை சுட்டா. அதையும் அவரு தூக்கிட்டாரு. மூணாவதுக்கு எரிக்க என்ன இருக்கு? பானை வனையுற மரச் சக்கரந்தான். அதையும் பொளந்து அடுப்புல வச்சா. "ஏண்டி, சோத்துக்கு என்ன செய்வே?"ன்னு பக்கத்து வீட்டுக்காரி கத்துறா. "சக்கரம் போனா இன்னொண்ணு வரும். மருதி போனா?"ன்னா இவ. அந்த மூணாவது பொம்மையும் போச்சு!

அப்புறம் மழை விட்டுச்சு, திருவிழா வந்துச்சு. கொட்டு மேளத்தோட நம்ம அம்பலம் வாறாரு. முதல் பொம்மைய வச்சு, "சாமி, இது நான் வைக்கிறது"ன்னாரு, உடம்பு அனலாக் கொதிச்சுது. ரெண்டாவதை வச்சாரு, பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. மூணாவதை வச்சாரோ இல்லையோ, அம்புட்டு மீசையோட அப்படியே தவழ ஆரம்பிச்சுட்டாரு! மருதியோட காய்ச்சல் தீந்ததுக்கு வச்ச பொம்மைதானே அது? என்னுதுன்னு சொன்னா அந்தக் காய்ச்சலும் புள்ளத்தனமும் அவருதுதானே? தவழ்ந்துக்கிட்டே போயி, கூட்டத்துல நின்ன சிலம்பாயி முந்தானையப் பிடிச்சு, "ஆத்தா, தூக்கு! பசிக்குது! பொம்மைய நான்தான் எடுத்தேன், மூணையும் நான்தான் எடுத்தேன்"னு தேம்புறாரு. சின்னப் புள்ளைக்கு ஒளிக்கத் தெரியுமா? ஊரே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது.

சிலம்பாயிக்குக் கோவம் கூட வரல. "அப்போ சாமி என்னைத் தள்ளலையா? என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?"ன்னு ஓன்னு அழுதா. அழுது முடிச்சப்புறந்தான் கோவம் வந்துச்சு. "அம்பலத்தாரே, என் சக்கரத்தையே எரிக்க வச்சீகளே! போங்க, உங்க பொம்மைய உங்க கையால செஞ்சு வைங்க"ன்னா. சொல்லிட்டு, "சாமி, இவரையும் பொழைக்க வச்சுரு"ன்னு அவருக்காகவும் கும்பிட்டா.

வேற வழி? காய்ச்சலோடயே மண்ணை மிதிச்சு, பிசைஞ்சு, கத்தரிக்கா மாதிரி மூணு பொம்மை செஞ்சாரு. மூணாவதை வச்சப்புறந்தான் காய்ச்சல் விட்டுச்சு. தோட்டத்துப் புளியமரத்தை வெட்டி, சிலம்பாயிக்குப் புதுச் சக்கரமும் செஞ்சு குடுத்தாரு.

அந்தச் சக்கரத்துல வனைஞ்ச முதல் பானையில சிலம்பாயி சாமிக்குப் பொங்கல் வச்சா. ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டா. மருதி கேட்டுச்சு, "ஆத்தா, இப்ப என்ன வேண்டுன?"

"ஒண்ணும் வேண்டல ஆயி. நீ இருக்கியே, அதைச் சொல்லத்தான் வந்தேன்"னா.

சாமி செஞ்ச உதவிக்கு நம்ம கையாலதான் நன்றி சொல்லணும், தங்கங்களா. அடுத்தவ கும்பிட்டு வச்சதைத் திருடினா, அவ பட்ட பாடும் சேந்து வரும். கதை சூளைக்குப் போச்சு, நீங்க பாய்க்குப் போங்க.