பாத்திரம் தேய்ச்ச சாம்பல்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ம் கொட்டுடி அல்லி, இல்லன்னா சித்தி நிறுத்திடுவேன். ஆங், அப்படி. அந்த ஆத்தோரம் ஒரு யானைக்குட்டியும் அதோட அம்மாவும். ஒருநாள் குட்டியை இக்கரையில விட்டுட்டு, தழை ஒடிக்க அம்மா அக்கரைக்குப் போனா. அப்போ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை டமார்னு வெடிச்சு, சாம்பல் பொலபொலன்னு இங்க வரைக்கும் கொட்டுச்சு. குட்டி அங்கயே படுத்துடுச்சு. அழாத, ரொம்பப் பழைய கதை இது.

அப்புறம் மண்ணுக்குள்ள அந்தக் குட்டியோட எலும்புக்கு ஒரே ஏக்கம். அம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டாளா?

அம்மா எந்தக் காலத்துல மண்ணுக்குள்ள போனான்னு சேத்துக்கிட்ட கேட்டுச்சு. என் வயசே எனக்குத் தெரியாதுன்னு சேறு சளக்குன்னு நழுவிடுச்சு. கூழாங்கல்லுகிட்ட கேட்டுச்சு. நான் எங்கயோ பொறந்து கடகடன்னு உருண்டு வந்தவன், என் வயசு உனக்கு உதவாதுன்னுச்சு. அப்புறம் சாம்பல்கிட்ட கேட்டுச்சு. "நான் நெருப்புல பொறந்த கையோட இங்க விழுந்தேன். என் கீழ கிடக்கிறவ எனக்கு முந்தி. மேல கிடக்கிறவ எனக்குப் பிந்தி. உங்கம்மா மேல கிடந்தா, உன்னை விட்டுட்டுப் போய்ப் பொழைச்சவ." ம்?

ஆனா அக்கரையில சாம்பலே இல்ல! ஊர் ஜனங்க நல்லா பளபளன்னு தேய்க்குதேன்னு வெட்டி வெட்டி எடுத்துட்டுப் போய், சொரசொரன்னு பாத்திரம் தேய்ச்சுட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்.

அப்போ பழைய எலும்பைத் தேடி, சுத்தியலைத் தூக்கிட்டு ஒருத்தி வந்தா. உங்கம்மாவான்னு கேக்காத, குறுக்கே பேசினா எனக்குப் புடிக்காது. டொக் டொக்னு தட்டி, அக்கரையில ஒரு பெரிய யானை மண்டையோட்டை எடுத்தா. மேலயா கீழயான்னு யாருக்கும் தெரியல. அப்புறம் பாத்தா, கண்ணுக்குழிக்குள்ள ஒரு பிடி சாம்பல், கெட்டியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல மணல் மாதிரி இருந்த குட்டிக் குட்டி மணிகளை எடுத்து இக்கரைச் சாம்பலோட ஒப்பிட்டுப் பாத்தா, குட்டி மேல இருந்த அதே சாம்பல், அதே மலை கக்கினது.

அம்மா எங்கயும் போகலடி. அதே சாம்பல்தான் அவ மேலயும் விழுந்திருக்கு. அவ கிடந்தது ஆத்தோட விளிம்புல. மூஞ்சி எந்தப் பக்கம் தெரியுமா? இக்கரைப் பக்கம். திரும்பி வந்துட்டு இருந்திருக்கா.

என்ன, ம் காணோம்? உங்கம்மாவும் ரயில் ஏறிட்டா, காலையில வந்துடுவா. கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு.