இரண்டு மலை, நடுவில் சூரியன்

"குப்பையிலயும் ரெண்டு மலைதாம்மா வருது" என்றார் மிக்கேல்ராஜ்.

இசக்கியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய மிதவை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார்" என்றாள்.

உட்கார இடம் இல்லை. அது பழைய உப்புக் கிடங்கு. கரை ஒதுங்கியதும் கழித்துக் கட்டியதுமாக எதையெதையோ கொண்டுவந்து ஓர் அறை முழுக்க நிறுத்தி, தொங்கவிட்டு, உள்ளே வருகிறவர்களைப் பேச்சில்லாமல் நிற்க வைப்பது அவள் வேலை. வெளிநாட்டிலெல்லாம் பெயர் இருக்கிறது. மிக்கேல்ராஜின் மகன் வயதுதான் அவளுக்கு.

மிக்கேல்ராஜ் கடற்கரைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். தலை முழுக்க நரை. வருகிற மே மாதம் ஓய்வு. அந்த வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டு வருவதற்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தது. வந்துவிட்டார்.

"எந்த வகுப்புக்குப் போனாலும் ஒரே படம். ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்க ஊர்ல மலையே கிடையாதும்மா. ஜன்னலத் திறந்தா கடலு. பிள்ளையள் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு மலை வரையுது."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல. எப்படியோ வந்துருது."

"குப்பைன்னீங்களே?"

"உங்களப் பத்திப் பேப்பர்ல படிச்சேன். பிள்ளையள்ட்ட, வேண்டாம்னு கிடக்கறதப் பொறுக்கிட்டு வாங்க, இஷ்டத்துக்குச் செய்ங்கன்னு சொன்னேன்."

"கொண்டாந்தாங்களா?"

"மூட்டை மூட்டையா. மீன் பெட்டித் தெர்மோகோல ரெண்டு மலையா அறுத்துட்டாங்க. பெயின்ட் டப்பா மூடி சூரியன். கிழிஞ்ச வலை ஆறு."

இசக்கியம்மாள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெரிய டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ஆபீஸ் ரூம் வாசல்ல வச்சிருக்காங்க. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை தன்னோடதுன்னு ஒண்ணச் செய்யறத நான் பாக்கணும்மா. பாத்துட்டேன்னா நிம்மதியா வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்குப் போங்க. தூரப் போட மனசு வராத ஒண்ண எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அவர் ஒரு கேடயத்தோடு வந்தார். நல்லாசிரியர் என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது.

இசக்கியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் அதை அண்டைகொடுத்து வைத்தாள். மேசை ஆடாமல் நின்றது.

மிக்கேல்ராஜுக்குக் கோபம் வரப் பார்த்தது. கொஞ்ச நேரம் கேடயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

"நாளைக்கு வாரேம்மா" என்றார்.

அடுத்த நாள் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. கொடுக்கத் தயங்கினார். அவளே பிரித்தாள்.

சைக்கிள் முன்கம்பியில் மாட்டுகிற குழந்தை சீட். பிரம்பு முதுகு ஒரு பக்கம் பின்னல் விட்டிருந்தது.

"யாரு உக்காந்தது?"

"என் மகன். நார்வேல இருக்கான். ஞாயித்துக்கிழமை பேசுவான். சாப்பிட்டீங்களாம்பான், சாப்பிட்டேம்பேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வராது." விட்டுப்போன பிரம்பை விரலால் உள்ளே தள்ளினார். "சைக்கிளை எப்பவோ குடுத்தாச்சு. பழைய இரும்புக்காரர் தெருவுக்கு வரும்போதெல்லாம் வீட்ல இதையும் போடச் சொல்லுவா. இருக்கட்டும்னு சொல்லிச் சொல்லியே வச்சிருக்கேன்."

இசக்கியம்மாள் நைலான் கயிற்றை உத்திரத்தில் எறிந்து, சீட்டைக் கட்டி மேலே இழுத்தாள்.

"இவ்வளவு உயரம் போதுமா?"

"எவ்வளவு இருந்தா என்னம்மா?"

அவள் இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"இல்ல இல்ல, இறக்குங்க" என்றார் அவசரமாக. "இன்னும் கொஞ்சம். ம். போதும்."

கயிற்றை முடிந்துவிட்டு அவள் தேநீர் போடப் போனாள்.

அறை நடுவே அந்தச் சின்ன சீட் தொங்கியது. மிக்கேல்ராஜ் அதைச் சுற்றி வந்தார். பின்னால் போய் நின்றார். லேசாகக் குனிந்தார். கைகள் இரண்டும் தாமாக நீண்டு, சீட்டுக்கு இருபுறமும் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டன.

வலது கட்டைவிரல் ஒருமுறை அசைந்தது. அங்கே மணி இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. மகனின் உச்சந்தலை எண்ணெய் வாசம் மூக்கில் வந்தது. அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நார்வேயில் இருக்கிறவனை அல்ல. சீட்டில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தவனை.

"டீ ஆறுது சார்" என்றாள் இசக்கியம்மாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளையள்ட்ட நான் என்னம்மா சொல்லணும்?"

அவள் சீட்டை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். மிச்சமிருந்த கயிற்றையும் சுருட்டி அதன் மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பின் நடுவே சீட் தொங்கியது.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். சார் அதன் பின்னால் போய், குனிந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இன்னும் சிரித்தார்கள். சார் கையை எடுக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இதுல யாரு சார் உக்காருவா?"

"என் மகன்."

"எங்க சார் அவரு?"

"தூரத்துல."

"சூரியன எங்க சார் வைக்கணும்?" என்று கேட்டான் ஒருவன்.

"இதுக்குச் சூரியன் வேண்டாம்ல. நாளைக்கு, வீட்ல தூரப் போட மனசு வராத ஒண்ணக் கொண்டாங்க. எப்படி வைக்கணுமோ நீங்களே வைங்க. முடிஞ்சதும் பத்திரமாத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்."

மறுநாள் பாதிப் பேர் எதுவும் கொண்டுவரவில்லை. ஒருவன் தெர்மோகோல் மலையையே கொண்டுவந்தான். தனக்கு அதைத் தூரப் போட மனசு வரவில்லை என்றான். மிக்கேல்ராஜ் அதற்கும் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஜெனிலா ஒரு சட்டை கொண்டுவந்திருந்தாள். கட்டம் போட்ட, காலர் நைந்த ஆண்பிள்ளைச் சட்டை, ஹேங்கரோடு. அவளுடைய அப்பா குவைத்தில் அடுத்தவர் படகில் மீன் பிடிக்கிறார். பல வருடம் முன்பு போனவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. அவரும் இதே வகுப்பில் உட்கார்ந்து மலை வரைந்தவர்தான்.

அவள் பெஞ்சை இழுத்துப் போட்டாள். அதன் மேல் ஸ்டூலை வைக்கச் சொன்னாள். மிக்கேல்ராஜ் பதறிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவள் மின்விசிறிக் கொக்கியில் கயிற்றைக் கோத்து, சட்டையை உத்திரத்தை ஒட்டிக் கட்டிவிட்டு இறங்கினாள்.

கீழே நின்ற அவருக்கே அந்தச் சட்டையின் ஓரம் எட்டவில்லை.

"ஏட்டி, உங்க அப்பன எனக்குத் தெரியாதா? என் தோளுக்குத்தான் வருவான். இறக்கிக் கட்டுவமா?"

ஜெனிலா தலையாட்டி மறுத்தாள். சட்டைக்கு நேர் கீழே போய், தரையில் குந்தி உட்கார்ந்தாள். கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள்.

"சரியா இருக்கு. நீங்களும் இங்க வந்து பாருங்க சார்."

மிக்கேல்ராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் குந்தினார். அண்ணாந்து பார்த்தார்.

"அப்பா போகும்போது நான் இவ்வளவுதான் சார் இருந்தேன்" என்றாள்.