மூன்று நூல், ஒரு முள்

கருவேலங்கோட்டையை ஆண்ட விசயராயரின் குதிகாலில் ஒரு முள் தைத்தது. தைத்தது ஒரே முள்தான். அதைப் பற்றி வந்த நூல்கள் மூன்று.

மூன்றையும் எழுதியவர் அரண்மனை மருத்துவர் வைத்தீசுவர பண்டிதர். முதல் நூல், முள் நுழைந்த விதம் பற்றியது. இரண்டாவது, அது உள்ளே தங்கியிருக்கும் விதம் பற்றியது. மூன்றாவது, நுழைந்ததற்கும் தங்கியதற்கும் உள்ள தொடர்பு பற்றியது. நான்காவது நூலுக்குக் கால் இன்னும் கொஞ்சம் பழுக்கவேண்டும் என்று காத்திருந்தார்.

பண்டிதர் லேசுப்பட்டவர் அல்லர். கண், பல், எலும்பு, குழந்தைப் பிணி, யானைக்கு வரும் அஜீரணம் என்று எல்லாவற்றுக்கும் நூல் எழுதியவர். ஊர் ஆற்றில் இருக்கும் துறைகளைவிட அவர் இறங்கிய துறைகள் அதிகம். அக்கம்பக்கத்து ராஜ்யங்களில் எந்த மருத்துவர் ஏடு எழுதினாலும் 'வைத்தீசுவரர் கூறியபடி' என்றுதான் தொடங்குவார். அந்த ஏடுகளைப் பண்டிதர் தம் அடுத்த நூலில் மறக்காமல் எடுத்துச் சொல்வார். விஜயதசமி அன்று இந்த மேற்கோள்களைச் சபையில் வாசிப்பது வழக்கம். வாசித்து முடிகிறவரை பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அதற்குப் பெயர் அடக்கம்.

அன்று மன்னர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்னொரு ஆசனத்தில் கால் உட்கார்ந்திருந்தது. கத்திரிக்காய் நிறம்.

சபையில் வாய்த்துடுக்குக்குச் சம்பளம் வாங்கும் நல்லபெருமாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று கணுக்கால் தெரிந்தது. இன்று தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவில்லை.

"பண்டிதரே, நான்காவது நூலுக்குப் பெயர் வைத்தாயிற்றா?"

"இன்னும் இல்லை ஓய். ஏன்?"

"'கால் இருந்த இடம்' என்று வைக்கலாமே என்று பார்த்தேன்."

சபை சிரித்தது. மன்னருக்கு வலி. வலியில் இருக்கிறவர் முன்னால் மற்றவர்கள் சிரித்தால் என்ன நடக்குமோ அது நடந்தது.

"ஏழு தேசத்து மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் மனிதரையா கேலி செய்கிறாய்? அவர் சொல்வது தப்பு என்று ஒரு மேற்கோள் காட்டு பார்க்கலாம்!"

"என்னிடம் இல்லை மகாராஜா."

"ஒன்றுகூடவா இல்லை?"

"இருப்பதையெல்லாம் அவரே வைத்திருக்கிறார்."

"விளக்கு வைப்பதற்குள் ஒன்று கொண்டு வா. இல்லாவிட்டால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கோட்டையை விட்டு வெளியே போ."

அன்று காலையில்தான் நல்லபெருமாளின் மனைவி வருஷத்துக்கு வேண்டிய மிளகாயை மாடியில் காயப் போட்டிருந்தாள். அதை அள்ளவே சாயங்காலம் ஆகிவிடும். இதில் பண்டிதருக்கு எதிராக எழுதிய மருத்துவரை எங்கே போய்த் தேடுவது?

"பண்டிதரே, கால் பழுத்த பிறகுதான் முள்ளை எடுக்கவேண்டும் என்று யார் சொன்னது?"

"வடகரை மருத்துவர்கள்."

"அவர்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான்."

"உங்களுக்கு?"

"அதுதான் வடகரை நூலிலேயே இருக்கிறதே ஓய்!"

நல்லபெருமாள் நம்பிக்கையோடு மன்னரைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டாயா? இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்" என்றார் மன்னர்.

இனி இந்த வழி உதவாது என்று நல்லபெருமாளுக்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேற்கோள் போகட்டும். பண்டிதரிடம் எடுத்துக்காட்டு ஏதாவது உண்டா?"

பண்டிதர் வாய்விட்டுச் சிரித்தார். "எடுத்துக்காட்டு இல்லாத ஏடு என் நூலில் ஏது? எத்தனை வேண்டும்?"

"ஒன்றே ஒன்று. இங்கேயே, இப்போதே, மகாராஜா கண்ணால் பார்க்கும்படி."

"தந்தேன்."

"சபை அறிய வாக்கு?"

"வாக்கு. தராவிட்டால் இந்த ஆசனத்தை விட்டு இறங்கிவிடுகிறேன், போதுமா?"

"அப்படியானால் எடுத்துக் காட்டுங்கள்."

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "முன்னொரு காலத்தில் ஒரு வணிகனுக்கு..."

"வணிகன் எதற்கு? எடுத்துக் காட்டுங்கள்."

"எதை ஓய் எடுத்துக் காட்ட?"

"முள்ளை."

முதலில் சிரித்தவர் மன்னர். தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரிப்பு குதிகாலுக்குப் போனதும் "ஐயோ" என்றார். பிறகு சொன்னார்: "வாக்குக் கொடுத்துவிட்டீர் பண்டிதரே. எடுத்துக் காட்டும்."

பண்டிதர் தம் பையைத் துழாவினார். எழுத்தாணிதான் அகப்பட்டது. "யாரிடமாவது முள்வாங்கி இருக்கிறதா?" என்றார். அமைச்சர் முதல் வாயிற்காவலர் வரை எல்லார் கையும் இடுப்புக்குப் போயிற்று. கருவேலங்கோட்டையில் அது இல்லாமல் யாரும் வீதியில் இறங்குவதில்லை. ராஜா காலுக்கு நூல் இருக்கிறதே என்று இத்தனை நாளும் சும்மா இருந்தார்கள்.

அமைச்சருடைய முள்வாங்கியைப் பண்டிதர் வாங்கிக்கொண்டார். நோயாளியைத் தொட்டு வெகு காலம் ஆகியிருந்ததால் முதலில் வேறு இடத்தில் குத்தினார். மன்னர் அலறினார். சீழ் வடிந்தது. கடைசியில் முள் வந்தது. சீரகம் அளவுகூட இல்லை. பண்டிதர் அதை உயர்த்திப் பிடித்தார். எடுத்தும் விட்டார், காட்டியும் விட்டார்.

மன்னர் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். ஊன்ற முடிந்தது.

"நான் கோட்டைக்குள் இருக்கட்டுமா, வெளியே போகட்டுமா மகாராஜா?" என்று கேட்டான் நல்லபெருமாள்.

"இரு, இரு. என்ன வேண்டும், கேள்."

"பண்டிதர் எப்படியும் இதை நூலாக எழுதுவார். அதில் என் பெயர் வராமல் இருந்தால் போதும்."

முள்ளைத் தரையில் வைத்து அதன் நீளத்தை அளந்துகொண்டிருந்த பண்டிதர் தலை நிமிராமல் கேட்டார்:

"மேற்கோளாகக்கூடவா, ஓய்?"