மூணுவழிப் பாறையில் கல் எடுக்காத கதை

அந்தக் காலத்தில், குருவியும் ஆடும் மனிதரோடு வாய்திறந்து பேசிய நாளில், சடையன் தன் மனைவி பேச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது மூணுவழிப் பாறையில்தான்.

தலைச்சோலை என்பது மலைமுகட்டுக்குக் கீழே பதினாறு வீடுகள் கொண்ட சின்ன ஊர். ஊருக்கு மேலே ஏறினால் ஒரு பாறை வரும். அங்கே ஒற்றையடிப் பாதை மூன்றாகப் பிரியும். ஒன்று ஓடைக்குப் போகும். ஒன்று சோலைக்குள் இறங்கும். நடுவில் போவது புல்மேட்டுக்கு. புல்மேட்டுப் பாதை மலை விளிம்பை ஒட்டியே போகும். திரும்பி வரும்போது வலப்பக்கம் புல், இடப்பக்கம் ஒன்றுமில்லை.

அந்த மலையில் மூடுபனி சொல்லிக்கொண்டு வராது. நின்ற இடத்திலேயே ஆளை மூடிவிடும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கல் உண்டு. மலைக்குப் போகிறவர், தாம் போகிற பாதையின் தொடக்கத்தில் தம் கல்லை வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். பனி இறங்கும்போது கருநீலக் குருவி ஒன்று பறந்து வந்து பாறையைப் பார்க்கும். எந்தப் பாதையில் யாருடைய கல் இருக்கிறதோ, அந்தப் பாதையில் போய் அந்த ஆளைத் தேடும். கண்டுபிடித்ததும் முன்னால் பறந்து, "இப்படி வா, இப்படி வா, இடப்பக்கம் கால் வைக்காதே" என்று பேசிக்கொண்டே ஊருக்குக் கூட்டிவரும். ஆள் அகப்படும்வரை அது திரும்பாது.

ஆகவே இரண்டு விஷயத்தில் ஊர் கண்டிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர் கல்லை மறக்கக் கூடாது. ஒருவர் கல்லை இன்னொருவர் தொடவே கூடாது.

பேச்சி ஒருமுறை மறந்துவிட்டாள். விறகு கொண்டுவந்த அலுப்பில் கல்லைப் பாறையிலேயே விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். குருவி அந்திவரை பனியிலும் மழையிலும் அலைந்து, இறக்கை நனைந்து, பறக்க முடியாமல் நடந்தே ஊருக்குள் வந்து சேர்ந்தது. குருவி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு இருளாயிதான் சொன்னாள்.

"மதினி, வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே மலையில காணாமப் போறதுக்கு உன்னாலதான் முடியும்!"

ஊரே சிரித்தது. தண்ணீருக்குப் போனால், "மதினி, வந்துட்டியா, இன்னும் மலையிலதான் இருக்கியா?" என்று கேட்டார்கள். பேச்சி இரண்டு நாள் வீட்டைவிட்டு வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைச் சடையன் பார்த்தான்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். மழைக்காலம் நெருங்கியது. வீட்டுக் கூரை பேச்சி படுக்கிற இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கூரைப்புல் அறுக்கப் புல்மேட்டுக்குப் புறப்பட்டாள். சடையன் கிழங்கு தோண்டச் சோலைக்குப் புறப்பட்டான். இருவரும் பாறைவரை சேர்ந்து வந்தார்கள்.

"இந்த மழைக்குள்ள கூரை மாத்தலேன்னா, நீ தண்ணியில நீந்திக்க மாமா. நான் இருளாயி வீட்டுல போய்ப் படுத்துக்குவேன்" என்றாள்.

"அவ உன்னைச் சேத்துக்குவாளா?"

"சேத்துக்குவா. பேசுறதுக்கு ஆள் வேணுமே அவளுக்கு."

தன் கல்லை நடுப்பாதையில் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் தட்டையான கல். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, கஞ்சியில உப்புப் போட மறந்துட்டேன். நீ முன்னாடி வந்தா போட்டுக்க."

அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு வளைவில் திரும்பினாள். அவ்வளவுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சடையன் கிழங்கோடு திரும்பினான். தன் கல்லை எடுத்துக்கொண்டான். நடுப்பாதையில் பேச்சியின் கல் இருந்தது. கீழே பார்த்தான். பதினாறு வீடுகளில் தன் வீட்டுக் கூரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு ஆளில்லை.

'மறுபடியும் மறந்துட்டாளே' என்று நினைத்தான்.

மேட்டுப் பக்கம் பனி திரண்டுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குருவி வரும். கல்லைப் பார்க்கும். இல்லாத ஆளைத் தேடி விளிம்பெல்லாம் அலையும். விடிந்தால் இருளாயி ஆரம்பிப்பாள். பேச்சி மறுபடியும் முந்தானையைக் கடித்துக்கொண்டு மூலையில் உட்காருவாள்.

யாரும் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் உன் கல் என் கல் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். குனிந்து அந்தக் கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டான்.

அவன் இறங்குவதற்குள் பனி பாறையை மூடிவிட்டது. வீட்டு வாசலில் நின்று, "பேச்சி, நீ மறந்ததை நான் எடுத்துட்டு வந்திருக்கேன், பாரு" என்றான். உள்ளே இருந்து இருளாயி வந்தாள்.

"நான்தாண்ணே. நெருப்பு வாங்கலாம்னு வந்தேன். உங்க அடுப்பு அணையுற மாதிரி இருந்துச்சு. ஊதி வச்சேன். மதினி வந்தா குளிர் காயட்டும்னு ரெண்டு விறகும் வச்சிருக்கேன்."

"பேச்சி வரலையா?"

"இன்னும் காணோமே."

சடையன் பேச்சி பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மலைப்பக்கம் ஓடினான். சத்தம் கேட்டு ஊரார் வழிமறித்தார்கள். பனியில் போனால் இரண்டு பேரைத் தேட வேண்டிவரும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கல் வச்சிட்டுத்தானே போனா? அப்பக் குருவி போயிருக்கும். ஏன் இப்படிப் பதறுறே?" என்றான் ஊர் மூப்பன்.

சடையன் மடியை அவிழ்த்துக் காட்டினான்.

"கல் எங்கிட்ட இருக்கு."

பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பின்னால் அவன் நினைத்தான்.

குருவி அதற்கு முன்பே வந்து போயிருந்தது. பாறையில் ஒரு கல்லும் இல்லாததைப் பார்த்து, எல்லாரும் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்று ஓடை அருவிக்குப் பக்கத்திலிருந்த தன் கூட்டுக்குத் திரும்பிவிட்டது. பனியின் ஓரத்தில் நின்று சடையனும் ஊராரும் அதைக் கூப்பிட்டுக் கத்தியது அருவிச் சத்தத்தில் அதற்குக் கேட்கவில்லை.

காலையில் பனி விலகியது. புல்மேட்டு விளிம்பில் கட்டிவைத்த புல் இருந்தது. மூன்று கட்டு, நல்ல நீளமான புல். பக்கத்துப் பாறையில் ஒரு வரையாடு நின்றது. சடையன் அதைக் கேட்டான்.

"பார்த்தேன். இங்கேதான் உட்கார்ந்திருந்தாள்" என்றது ஆடு. "பனி கெட்டிப்படும் முன்னால் நான் கூப்பிட்டேன். என் முதுகைப் பிடித்துக்கொள், பாறைவரை கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வரமாட்டேன் என்றாள்."

"ஏன்?"

"'என் கல் அங்க இருக்கு. குருவி வரும். வந்து என்னைக் காணோம்னா பாவம் அது அலையும். போன தடவையே என்னால அது நனைஞ்சு போச்சு. நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்' என்றாள்."

"அப்புறம்?" என்று கேட்டான் சடையன்.

"ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே இருந்து ஏதோ சத்தம் வந்தது. யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. எழுந்து, 'வந்துட்டேன்' என்றாள். இடப்பக்கம் கால் வைத்தாள்."

அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று சடையனுக்குத் தெரியும்.

குருவி வந்தது. அவன் நடந்ததை மறைக்காமல் சொன்னான். அது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டு கேட்டது.

"இனி நான் எந்தக் கல்லை நம்புவது? கல் இருந்தால் ஆள் இருக்கிறதா, கல் இல்லாவிட்டால் ஆள் இல்லையா?"

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அடுத்த பனிக்கு அது எல்லாப் பாதையிலும் பறந்தது. 'இப்படி வா' என்று சொல்ல வாய் திறந்தது. சீழ்க்கை மட்டுமே வந்தது. ஏறும், இறங்கும், எங்கேயோ போய் முடியாமல் நின்றுவிடும்.

சடையன் பேச்சியின் கல்லை நடுப்பாதையில் திரும்ப வைத்தான். அவள் வந்து எடுக்கட்டும் என்று யாரும் அதைத் தொடவில்லை. அவன் மட்டும் தினமும் ஏறி, பக்கத்தில் ஒரு கல் வைத்துவிட்டு வந்தான். ஒருநாள் இருளாயி வந்து தன் கல்லையும் வைத்தாள். வைத்ததை எடுக்கவில்லை. பிறகு மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கூரைக்கு அந்த மூன்று கட்டுப் புல்லைப் போடச் சொன்னார்கள். சடையன் போடவில்லை. அந்த வீடு ஒழுகிக்கொண்டே இருந்து ஒரு மழையில் கரைந்தது.

அன்று முதல்தான் அந்த மலையில் கருநீலக் குருவி வார்த்தையில்லாமல், முடிவில்லாமல் சீழ்க்கையடிக்கிறது. அன்று முதல்தான் தலைச்சோலையைச் சுற்றிய தடங்களில் பாதை பிரியும் இடத்திலெல்லாம் நடப்பவர்கள் ஒரு கல் வைக்கிறார்கள். வைத்ததை யாரும் எடுப்பதில்லை. முதுகுப்பை மாட்டிக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்களும் அதைப் பார்த்துத் தாங்களும் ஒன்று வைத்துவிட்டுப் போகிறார்கள். மூணுவழிப் பாறையில் குவியல் இப்போது மார்பளவு உயரம். அதற்கு அடியில் வெள்ளைக் கோடு ஓடிய ஒரு தட்டைக் கல் இருக்கிறது.