மருந்துச் சட்டை போட்ட விதை

ஒரு மானாவாரிக் காட்டில் ஒருமுறை தவமணி என்பவள் விதைப்புக்காக மக்காச்சோளம் பிரித்தாள். கதிரின் நடுவில் இருந்த மணிகளில் பூஞ்சை மருந்தைக் கலந்து நிழலில் உலர்த்தினாள். நுனியில் இருந்தவை கோழித் தீவன மூட்டைக்குப் போயின.

மருந்து காய்ந்ததும் ஒரு விதை தன்னைப் பார்த்துக்கொண்டது. உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு.

"நம் பரம்பரையிலேயே சட்டை போட்ட முதல் ஆள் நான்" என்றது, தீவன மூட்டைக்குள் இருந்த நுனிமணித் தம்பியிடம்.

"நல்லா இருக்குண்ணே. எதுக்கு அது?"

"மண்ணுக்குள் பூஞ்சை இருக்கும். அது என்னை அழுக வைக்காமல் இருப்பதற்கு."

"அப்போ எப்ப மண்ணுக்குள்ள போறே?"

"போகலாம். ஆனால் ஈரம் பட்டால் சட்டை வெளுத்துவிடுமே. இன்னும் கொஞ்சம் தயாராகிவிட்டுப் போகிறேன்."

"இன்னும் என்னண்ணே தயாராகணும்?"

அது விதைக்கும் தெரியவில்லை.

மறுநாள் விதைப்பு. மற்ற விதைகள் எல்லாம் மளமளவென்று குழிகளில் விழுந்தன. இது மட்டும் விதைப் பையின் தையலுக்குள் புகுந்துகொண்டது.

தவமணியின் நாத்தனார் செம்பாயி பையை உதறிப் பார்த்தாள். "அண்ணி, ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. கோழிக்கு வீசிடவா?"

"அடி பாவி, மருந்து போட்டதுடி! கோழி செத்துப்போகும். ஊனுறதுன்னா ஊனு. இல்லன்னா ஓரமா ஆழக் குழி தோண்டிப் புதைச்சிடு."

விதை யோசித்தது. ஊன்றினாலும் மண், புதைத்தாலும் மண். தம்பியைப் போலக் கோழிக்குத் தீனியாகக்கூட லாயக்கில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒளிந்ததற்கு மிச்சம், எந்தக் குழி என்று முடிவு செய்வது மட்டும்தான். தையலை விட்டுவிட்டுச் செம்பாயியின் கையில் விழுந்தது. அவள் ஊன்றி மண்ணை மூடினாள்.

பூஞ்சை வந்தது. அது என்னென்ன கேட்கும், என்ன பதில் சொல்வது என்று விதை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பூஞ்சை ஒருமுறை முகர்ந்தது.

"சீ, மருந்து!" என்று போய்விட்டது.

"அவ்வளவுதானா? வேறு ஒன்றும் கேட்க மாட்டாயா?" என்றது விதை, சற்றே மனம் புண்பட்டு.

அதற்குப் பிறகும் நிம்மதியில்லை. சட்டை இருக்கிறதா, வெளுக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தபடியே கிடந்தது. ஒருநாள் அடிப்பக்கத்தில் டர்ரென்று கிழிந்தது.

"எவன்டா என் சட்டையைக் கிழிச்சது?" என்று பதறிக் குனிந்து பார்த்தது.

அதன் சொந்த வேர்.