கிறீச்சிடும் தரை

கோமதிநாயகம் ஆசையாகப் போட்ட லேமினேட் பலகைத் தரை கால் வைத்தாலே கிறீச்சிட்டது. வீட்டோடு தங்கி வேலை பார்த்த மாடத்தியைக் கூப்பிட்டார்.

"நீ நடந்துதான் இப்படி ஆச்சு. சத்தம் நிக்கிறவரை ஊருக்குப் போகக் கூடாது."

நிறைமாத மகளைப் பார்க்க ஏங்கிக் கிடந்தாள் மாடத்தி. மெதுவாகச் சொன்னாள்:

"என் காலுதான் காரணம்னா, நான் ஊருக்குப் போயிட்டா சத்தம் நின்னுரும்லா ஐயா?"

அவர் கோபத்தோடு எழுந்து நடந்தார். தரை அவருக்கும் கிறீச்சிட்டது. விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் சிரித்துவிட்டார்.

"பலகையைச் சுவரோட முட்டுற மாதிரி போட்டிருக்கீங்க அத்தான். மழைக்குப் பலகை உப்பினா எங்க போகும்? ஓரத்தை அறுத்து இடைவெளி விடச் சொல்லுங்க."

கோமதிநாயகம் அவள் முகத்தைப் பார்க்காமல், "கிளம்பு" என்றார்.

பஸ் நகரும் முன்பே மாடத்தி மகளுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டேன் தாயி" என்றாள்.